செண்பகராஜ் யாரைத் தடுப்பார்?

மட்டைக்குளத்தில் ஒரு கூடைப்பந்துக் கழகம் உண்டு. எழுச்சிக் கழகம் என்று பெயர். பெயர் வைத்து இருபது வருஷம் ஆகிறது, எழுச்சி இன்னும் வந்து சேரவில்லை. ஆட்டத்தின்போது ஸ்கோர் பலகையில் எண் எழுதுகிற வேலை எனக்கு. எதிரணிக்கு ஆட்டத்துக்கு ஒரு சாக்பீஸ் கரைந்துபோகும். எங்கள் பக்கத்துச் சாக்பீஸ் மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

இருந்த நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவர் துபாய் போய்விட்டார். ஒருவருக்கு முட்டி போய்விட்டது. ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அதனால் அணியைப் புதிதாக உருவாக்குவது என்று முடிவாயிற்று. மிச்சம் இருந்தது நாலு பேர். கேப்டன் தளவாய், சைக்கிள் கடைக்காரர். அடுத்து வேலாண்டி, தண்ணீர் லாரியில் குழாய் பிடிக்கிறவன். சொன்னதை அணுவளவும் மாற்றாமல் செய்வான். பிறகு ஓர் அண்ணன் தம்பி. இரண்டு பேரும் பேசி நான் கேட்டதில்லை. ஐந்தாவது ஆளுக்கு, வேடிக்கை பார்க்க வந்தவர்களில் செருப்பு போடாதவராகப் பார்த்துச் சேர்த்துக்கொள்வோம். இவர்கள் எல்லோருக்கும் மேலே செயலாளர் பிச்சுமணி. அவர் ஆடமாட்டார். யோசிப்பார்.

நாங்கள் ஆடுகிற சிமெண்டுத் தளம் மிளகாய் மண்டி ஆவுடையப்பனுக்குச் சொந்தம். நல்ல மனிதர், ஆனால் அவருக்கும் பொறுமைக்கு என்று ஒரு அளவு இருக்கிறது அல்லவா? சித்திரை பிறந்ததும் தளவாயைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

"தளவாய், இந்தக் கோடையில உங்களுக்கு நாலு மேட்ச் இருக்கு. அதுல ஒண்ணு ஜெயிச்சிருங்க, தளம் என்னைக்கும் உங்களுக்குத்தான். நாலும் தோத்தா நான் வத்தல் காயப் போட்டிருவேன். நல்ல வெயில் விழுத எடம், சும்மா கெடக்கு."

தளவாய் பன்னிரண்டு வயசில் முதல் பந்தை அந்தத் தளத்தில்தான் தட்டினார். கடையில் பஞ்சர் ஒட்டும்போதும் கண் அந்த வளையத்தின் மேலேதான் இருக்கும். "அந்த எடத்துல வத்தலைப் பாத்தேன்னா என் உசுரே போயிரும்வே" என்று என்னிடம் சொன்னார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

உடனே வெளியூரிலிருந்து வின்சென்ட் என்று ஒரு கோச்சை ஒரே ஒரு நாளைக்கு வரவழைத்தோம். அவர் எங்கள் ஆட்டத்தைக் கால்மணி நேரம் பார்த்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு சொன்னார்: "ஆளுக்கு ஒருத்தனைப் பிடிச்சுக்கோங்க. அவன் எங்க போனாலும் கூடவே போகணும். என்ன ஆனாலும் விடக்கூடாது. இது ஒண்ணைச் செஞ்சாலே போதும்." சொல்லிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டார்.

முதல் ஆட்டம் ஆலங்கிணற்று அணியோடு. வேலாண்டி தன் ஆளைப் பிடித்துக்கொண்டான். பத்தாவது நிமிஷத்தில் அந்த ஆளை அவர்களுடைய கோச் வெளியே எடுத்து பெஞ்சில் உட்காரவைத்தார். வேலாண்டியும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தண்ணீர் குடிக்கப் போனான், வேலாண்டியும் போனான். அவன் சுவருக்குப் பின்னால் ஒதுங்கினான், வேலாண்டி அங்கேயும் நின்றான். ஆட்டம் முடிந்து அவர்கள் வேனில் ஏறினபோது வேலாண்டியும் ஏறிவிட்டான். மறுநாள் மத்தியானம்தான் ஊர் திரும்பினான்.

"எங்கல போன?" என்றார் தளவாய்.

"அவன் வீட்டுக்கு அண்ணாச்சி. அவங்க அம்மா நல்ல மாதிரி. இட்லி பஞ்சு மாதிரி இருந்துச்சு."

பிச்சுமணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அவன் பந்து ஏதும் போட்டானா?"

"ஒண்ணுகூட போடவிடல. வீட்ல வச்சும் போடவிடல."

"அப்போ நம்ம தடுப்பு சரியா இருக்கு. போடுததுலதான் கொஞ்சம் கோளாறு" என்றார் பிச்சுமணி. அந்த ஆட்டத்தில் அவர்கள் ஐம்பத்தெட்டு, நாங்கள் ஆறு.

வளையத்தில் போடுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று இருந்தபோதுதான் செண்பகராஜ் எங்களுக்குக் கிடைத்தார். தளவாய் பனியன் வாங்க டவுனில் ஒரு துணிக்கடைக்குப் போயிருந்தார். வாசலில் வெள்ளை உடுப்போடு நெட்டையாக ஒருவர் நின்று, வருகிறவர்களை எல்லாம் கைகூப்பி, "வாங்க, வாங்க" என்று ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் இல்லாதபோது உள்ளே போய்த் துணிப் பொதிகளைக் கீழேயிருந்து பரணுக்கு வீசினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பொதியும் பரணில் இருந்த சின்னச் சந்தில் போய்ச் சொருகி உட்கார்ந்தது. தளவாய் பனியனை மறந்துவிட்டு செண்பகராஜோடு திரும்பி வந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில் என் சாக்பீஸ் உடைந்தது. செண்பகராஜ் நின்ற இடத்திலிருந்து வீசினார், விழுந்தது. தூரத்திலிருந்து வீசினார், அதுவும் விழுந்தது. தனி ஆளாக முப்பத்தெட்டுப் புள்ளி! தளவாய் சின்னப்பிள்ளை மாதிரி குதித்தார். ஆனால் எதிரணி ஆள் பந்தோடு நேரே வந்தால் போதும், செண்பகராஜின் கால் தானாக ஒதுங்கும், கை தானாகக் குவியும், வாய் "வாங்க, வாங்க" என்று சொல்லிவிடும். பத்து வருஷப் பழக்கம், அவர்தான் என்ன செய்வார்? அவர் வழிவிட்ட ஆள் மட்டும் நாற்பத்துநாலு போட்டான். தோற்றோம்.

அன்று சைக்கிள் கடையில் ஆலோசனைக் கூட்டம் நடந்தது.

"இவரு முப்பத்தெட்டு போட்டாரு, நாப்பத்துநாலு விட்டாரு. அப்போ இவரால நமக்கு ஆறு நஷ்டம்" என்றார் தளவாய்.

"அப்போ இவரை எடுத்துட்டா ஆறு லாபமா?" என்றான் வேலாண்டி.

"எடுத்துட்டா முப்பத்தெட்டும் போயிருமேல!"

"நாப்பத்துநாலும் போயிருமே அண்ணாச்சி?"

பிச்சுமணி கையை உயர்த்தினார். "அவசரப்படக்கூடாது. இவருக்குப் பாதி வேலை நல்லாத் தெரியுது. பாதி தெரியல. தெரியாத பாதியைச் செய்யவிடாம வச்சுட்டா முடிஞ்சுது."

முதலில் லேசான வைத்தியம் செய்து பார்த்தோம். "யாரு வந்தாலும் வாங்கன்னு சொல்லாதீங்க" என்றார் தளவாய். மறுநாள் பயிற்சியில் செண்பகராஜ் வாயே திறக்கவில்லை. மௌனமாகக் கைகூப்பி ஒதுங்கினார். கைகூப்பக் கூடாது என்று சொன்னோம். கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஒதுங்கினார். பாவம், முயற்சியில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே மூன்றாவது ஆட்டத்தன்று பிச்சுமணி தளத்தின் நடுக்கோட்டைக் காட்டி, "செண்பகராஜ், நீங்க இந்தக் கோட்டைத் தாண்டி நம்ம பக்கம் வரவே வேண்டாம். அந்தா தெரியுது பாருங்க மண்டிச் சுவரு, அந்தப் பக்கத்துலயே நின்னு, அங்க உள்ள வளையத்துல போட்டுக்கிட்டே இருங்க. மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். செண்பகராஜ் பவ்வியமாகத் தலையாட்டினார்.

பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் முப்பது, அவர்கள் இருபத்தொன்று. எங்கள் கழகத்தின் சரித்திரத்தில் இடைவேளையில் முன்னணியில் இருந்தது அதுதான் முதல் தடவை. தளவாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடையப்பன்கூட ஆளுக்கு ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

கூடைப்பந்தில் இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறும். எல்லோரும் மாறினார்கள். செண்பகராஜ் மாறவில்லை. மண்டிச் சுவர்ப் பக்கமே நின்றார். பந்து கைக்கு வரவர, அங்கே உள்ள வளையத்தில் ஒன்றுவிடாமல் போட்டார். அது இப்போது நாங்கள் காக்க வேண்டிய எங்கள் வளையம். அவர் போட்டது எல்லாம் எதிரணிக்கு. நான் பலகையில் அவர்கள் பக்கமே எழுதிக்கொண்டிருந்தேன்.

"நிறுத்துங்கய்யா!" என்று தளவாய் அலறினார்.

"கோட்டைத் தாண்டலியே அண்ணாச்சி!" என்று சொல்லிவிட்டு செண்பகராஜ் இன்னொன்று போட்டார். எதிரணி ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து கைதட்டினார்கள். முதல் பாதியில் எங்களுக்கு முப்பது போட்ட மனிதர், இரண்டாம் பாதியில் அவர்களுக்கும் முப்பது போட்டு முடித்தார். நியாயஸ்தர்.

மறுநாள் காலையில் வத்தல் மூட்டைகள் வந்து தளத்தின் ஓரமாக அடுக்கப்பட்டன. பார்த்துவிட்டு வந்த தளவாய் கடையில் ஒட்டின டியூபையே மறுபடி ஒட்டினார். "இன்னும் ஒரே ஒரு மேட்ச்" என்றார். அழுதுவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

பிச்சுமணி மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் கூட்டம் போட்டார்.

"நான் கவனிச்சதுல ஒரு விஷயம் தெரியுது. செண்பகராஜ் எந்த ஆளைத் தடுக்காரோ அந்த ஆளு நாப்பதுக்குக் கொறையாம போடுதான். சரிதானா?"

"சரிதான்."

"அது எப்பேர்ப்பட்ட பயலா இருந்தாலும் போடுதான். சரிதானா?"

"ஆமா."

"அப்போ செண்பகராஜ் எதுக்கு எதிராளியைத் தடுக்கணும்? நம்ம ஆளைத் தடுக்கட்டும்!"

அண்ணன் தம்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நம்மள்ல யாரைத் தடுக்கது?" என்றார் தளவாய்.

"இதுவரைக்கும் ஒரு பந்தும் போடாதவன் யாரு? வேலாண்டி. அவனைத் தடுக்கட்டும். பிடிச்ச ஆளை விடக்கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காரு. வேலாண்டி எங்க போனாலும் நீங்க கூடவே போகணும், செண்பகராஜ்."

"இனிமே எனக்கும் நாப்பதா?" என்று வேலாண்டி கேட்டான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நாலாவது ஆட்டம் கொம்பையூர் அணியோடு. அவர்கள் விவரமான ஆட்கள். செண்பகராஜ் வீசினால் தப்பாது என்று கேள்விப்பட்டு, அவரைச் சுற்றியே நிற்கச் சொல்லி இரண்டு பேரை ஒதுக்கிவிட்டார்கள்.

விசில் ஊதியதும் நடந்ததைக் கேளுங்கள். கொம்பையூரில் ஆறடி உயரத் துரைக்கண்ணு என்பவர்தான் வேலாண்டி பிடித்துக்கொண்ட ஆள். துரைக்கண்ணு ஓடினார். அவர் பின்னால் வேலாண்டி ஓடினான். வேலாண்டி பின்னால் செண்பகராஜ். செண்பகராஜ் பின்னால் கொம்பையூர்க்காரர்கள் இரண்டு பேர். ஐந்து பேரும் ரயில் பெட்டி மாதிரி தளத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்கள். துரைக்கண்ணு திரும்பிப் பார்ப்பார், நாலு பேர் வருவார்கள். இன்னும் வேகமாக ஓடுவார்.

இந்த ஐந்து பேரைக் கழித்தால் மிச்சம் எங்களில் மூன்று பேர், அவர்களில் இரண்டு பேர். தளவாயும் அண்ணன் தம்பியும் ஆளில்லாத இடமாகப் பார்த்து நிதானமாகப் போட்டார்கள். செண்பகராஜ் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. வேலாண்டியும் தொடவில்லை. பெஞ்சிலிருந்து பிச்சுமணி, "வேலாண்டிக்கு இன்னும் நாப்பது வரலியே!" என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

கடைசி நிமிஷத்தில் நாங்கள் முப்பத்தொன்று, அவர்கள் முப்பது. ரயில் எங்கள் வளையத்துக்கு அடியில் வந்து நின்ற நேரம், பந்து துரைக்கண்ணுவின் கைக்கு வந்துவிட்டது. இன்னும் நாலு விநாடி. தளவாய் தூரத்தில் இருந்தார். பக்கத்தில் இருந்தது வேலாண்டிதான். அவன் கையைத் தூக்கும்போது, பின்னாலிருந்து செண்பகராஜ் அவன் தோளைத் தொட்டு, "தம்பி, பெரியவரு பந்தோட நிக்காருல்ல, வழி விடுங்க" என்று மெல்ல ஓரமாக நகர்த்திவிட்டார். பிறகு துரைக்கண்ணுவைப் பார்த்துக் கைகூப்பி, "நீங்க போடுங்க சார்" என்றார்.

தளவாய் தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

துரைக்கண்ணு பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறார். யாரும் அவருக்கு இப்படி வழிவிட்டதில்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. மேலே பார்த்தார். கீழே பார்த்தார். பின்னால் திரும்பி, வரிசையாக நின்ற நாலு பேரையும் பார்த்தார். வேர்த்துக் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டு வீசினார். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போயிற்று. விசில் ஊதிவிட்டார்கள்.

எழுச்சிக் கழகம் ஜெயித்துவிட்டது! தளவாய் என்னைக் கட்டிப்பிடித்தார், ஸ்கோர் பலகையைக் கட்டிப்பிடித்தார், தரையில் விழுந்து சிமெண்டுக்கு முத்தம் கொடுத்தார். ஆவுடையப்பன் சொன்ன வார்த்தை தவறாத மனிதர். மூட்டைகளை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டு ரோஜா மாலையோடு தளத்துக்கு வந்தார்.

"ஜெயிக்க வச்ச ஆளு யாருப்பா? செண்பகராஜ்தானே? வாங்க."

"கொஞ்சம் பொறுங்க" என்றார் பிச்சுமணி. "இதை யோசிச்சுத்தான் செய்யணும். செண்பகராஜ் இன்னைக்கு எத்தனை போட்டாரு?"

"ஒண்ணும் போடல" என்றேன் நான்.

"வேலாண்டி?"

"ஒண்ணும் இல்ல."

"தளவாய் பதினாறு போட்டாரு. ஆனா அவரு ஆடின மத்த மேட்ச் எல்லாம் தோத்திருக்கோம். அதனால அவரும் இல்ல. இப்ப சொல்லுங்க, கடைசிப் பந்து உள்ள போயிருந்தா நாம என்ன ஆயிருப்போம்?"

"தோத்திருப்போம்" என்றார் தளவாய்.

"அதை வெளிய போட்டது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு ஒரு மூலையில் துண்டால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தார். அண்ணன் தம்பி ஓடிப்போய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. மேளம் வைத்து ஊரைச் சுற்றி வந்தோம். "விடுங்கய்யா, நான் கொம்பையூரு" என்று அவர் கத்தியதை யாரும் பொருட்படுத்தவில்லை, தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுவாரமே கொம்பையூருக்குச் செண்பகராஜைக் கொடுத்துவிட்டு, பதிலுக்குத் துரைக்கண்ணுவை வாங்கிவிட்டோம். கொம்பையூர்க்காரர்கள் பேரமே பேசவில்லை. காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நாங்கள் மனசு மாறுவதற்குள் திரும்பிப் போய்விட்டார்கள்.

துரைக்கண்ணு எங்களுக்காக ஆடின முதல் ஆட்டம் போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பதினோரு தடவை வீசினார். பதினொன்றும் வெளியே. ஆட்டம் முடிந்ததும் தளவாயும் பிச்சுமணியும் பலகை முன்னால் வந்து நின்று, நான் எழுதியிருந்ததை வெகுநேரம் பார்த்தார்கள்.

"பதினோரு பந்து, பதினொண்ணும் வெளிய" என்றார் பிச்சுமணி. "மனுசன் ஃபார்ம் ஒரு இம்மி கொறையல. அப்புறம் நாம எப்படித் தோத்தோம்?"