கிளீனர் சீட்டுப் பக்கம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடனுக்கு நாற்பத்தாறு. சீடன் நான்தான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள்.

குருவின் பெயர் ஹசீனா. சேலம் கோட்டைப் பக்கத்துப் பெண். வண்டிக் கண்ணாடிக்கு உள்பக்கம் கேமரா, சென்சார் மாட்டுகிற வேலையை முறையாகப் படித்தவள். நான் சங்ககிரி பைபாஸில் லாரிக் கண்ணாடி மாட்டுகிறவன். அப்போதே இருபத்திரண்டு வருஷ அனுபவம். ரப்பருக்குள் கயிற்றை விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, உள்ளே இருந்து ஒருவன் கயிற்றை இழுக்க, வெளியே இருந்து ஒருவன் உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வர, கண்ணாடி மெல்ல வழுக்கிப் போய் உட்காரும். உட்காரும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே நான் இந்த வேலையில் இருந்தேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் மாட்டிய கண்ணாடி ஆடுகிறது என்று ஒருவனும் என் பட்டறைக்குத் திரும்பி வந்ததில்லை.

பிறகு தூக்கக் கேமரா வந்தது. டிரைவர் கண்ணை மூடினால் கத்துகிற கேமரா. கண்ணாடி மாட்டினால் போதாது, அதையும் மாட்டிக் கொடு என்று லாரி ஆபீஸ்காரர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்தவள் அவள். வாரத்தில் மூன்று நாள் வந்து சொல்லிக்கொடுத்தாள். ஒன்றரை வருஷம் வந்தாள். பிறகு புனேவில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

பொடிப் பெண்ணிடம் கைகட்டி நிற்கிறான் பார் என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேலி பேசினார்கள். நானும் முதலில் கேலியாகத்தான் "குருவே" என்று கூப்பிட்டேன். எந்த நாளில் கேலி கழன்று விழுந்தது என்று தெரியவில்லை.

அவள் அதிகம் பேச மாட்டாள். முதல் நாள் நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அம்மிணி, கேமராவ எத்தனை டிகிரி திருப்பி வெக்கோணும்?"

"இந்த வண்டி டிரைவர் எங்கீங்ணா?"

"டீ குடிக்கப் போயிருக்காரு."

"அப்ப அவர் டீ குடிச்சிட்டு வரட்டும்."

இதுதான் பாடம். இதை நோட்டில் எப்படி எழுதுவது? எழுதவில்லை. கேமராவோடு வந்த புத்தகத்தைப் பார்த்து நானே எழுதிக்கொண்டேன். கண்ணாடியின் வலது ஓரம், மேலிருந்து ஒரு சாண் கீழே, டிரைவர் முகத்தைப் பார்த்து இத்தனை டிகிரி. மனப்பாடமும் செய்துவிட்டேன்.

ஒருநாள் அவள் வராதபோது ஒரு பத்துச் சக்கர லாரி வந்தது. நானே மாட்டினேன். புத்தகத்தில் போட்டபடி, ஒரு நூல் பிசகாமல். கேமராவைத் தாங்குகிற பிராக்கெட்டில் ஓர் உருண்டை இருக்கும். கேமராவின் தலையை எந்தப் பக்கமும் திருப்பலாம், திருகை இறுக்கினால் நிற்கும். நான் இறுக்கினேன். இறுக்கியும் மனசு ஆறவில்லை. லாரி என்ன சும்மாவா ஓடும், குலுங்கிக் குலுங்கி நாளைக்கே லூசாகிவிட்டால்? கண்ணாடிக்குப் போடுகிற கருப்புப் பேஸ்ட்டை எடுத்து உருண்டையையும் திருகையும் சேர்த்துப் பூசி மெழுகிவிட்டேன். இனி யமனே வந்தாலும் அசைக்க முடியாது. அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

இருபது நாள் கழித்து அந்த லாரி திரும்பி வந்தது. டிரைவர் செங்கோடன் இறங்கி வந்தார். ஐம்பத்து மூன்று வயது, ஸ்டியரிங் பிடித்து இருபத்தொன்பது வருஷம். கோபமாகப் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, நான் தூங்கறனாமா. போன நடையில பதினொரு வாட்டி தூங்கிட்டேன்னு ஆபீஸ்ல பேப்பரைக் காட்டறாங்க. இந்த நடையும் அப்படியே வந்தா சாவியக் குடுத்துப்போட்டு ஊட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாங்க."

"தூங்கினீங்களா?"

"பதினொரு வாட்டி தூங்கியிருந்தா இங்க நின்னு பேசீட்டு இருப்பனுங்களா?"

நான் ஏறிப் பார்த்தேன். கேமரா இம்மியும் நகரவில்லை. நான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"கேமரா நல்லாத்தாங்க இருக்குது" என்றேன்.

"அப்ப நாந்தான் கெட்டுப்போயிட்டேன்" என்றார் அவர்.

அன்றைக்கு ஹசீனா வந்திருந்தாள்; அந்தச் சொல்லைக் கேட்டு வேலையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். வண்டியில் ஏறிக் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. நகத்தால் கருப்புப் பேஸ்ட்டைச் சுரண்டினாள்.

"அண்ணா, இதுல திருகு எதுக்கு வெச்சிருக்காங்க?"

"இறுக்கறதுக்கு."

"இறுக்கறதுக்கு மட்டுமா?"

அவள் செங்கோடனிடம் திரும்பினாள்.

"லோடு எங்க போகுதுங்க ஐயா?"

"ஓசூருக்கு அம்மிணி. சிமெண்டு. இப்பவே கிளம்போணும்."

"நாங்களும் தர்மபுரி வரைக்கும் வர்றோம்."

எனக்கு மூன்று வண்டி வேலை கிடந்தது. சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டு ஏறினேன். ஏறியவன் வழக்கம்போல இடது பக்கம் கிளீனர் சீட்டில் உட்காரப் போனேன்.

"அங்க உக்காராதீங்ணா."

"பின்ன எங்க உக்கார்றது, டயர் மேலயா?"

டிரைவருக்குப் பின்னால் படுக்கிற பலகையைக் காட்டினாள். இரண்டு பேரும் முழங்காலை மடக்கிக்கொண்டு அதில் உட்கார்ந்தோம். முன்னால் நல்ல சீட்டு காலியாகக் கிடக்கிறது, குரு என்னைப் பலகையில் போட்டு வதைக்கிறாள். இடுப்பு வலியில் மனசுக்குள் என்னென்னமோ திட்டினேன். அவள் காதில் விழுந்திருந்தால் அன்றோடு வித்தை முடிந்திருக்கும்.

சேலம் வரைக்கும் கேமரா சத்தம் போடவில்லை. கொண்டலாம்பட்டிப் பிரிவில் வண்டிகள் நெருக்கின. செங்கோடன் இடது பக்கம் தலையைத் திருப்பி, தணிந்த குரலில் "வருதா?" என்றார். கேமரா கத்தியது.

ஒன்று என்று எண்ணினேன்.

ஓமலூர் தாண்டியதும் மடியில் இருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். நாலு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, இடது பக்கம் திரும்பிப் பொட்டலத்தை நீட்டினார். பாதியில் கை நின்றது. திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். கேமரா கத்தியது. இரண்டு. கொஞ்ச தூரத்தில் ஒரு டேங்கர் லாரியைத் தாண்டும்போது மறுபடியும் அதே "வருதா?", மறுபடியும் சத்தம். தலைக்கு மேல் இருந்த சின்னக் கண்ணாடியில் நான் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவையும் கண் நன்றாகத் திறந்திருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கியது.

ஹசீனா கேட்டாள். "ஐயா, வருதான்னு யாரைக் கேட்டீங்க?"

"கேட்டனா?"

"ரெண்டு வாட்டி கேட்டீங்க."

அவர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"அத்தியப்பனக் கேட்டிருப்பேன். என்ற கிளீனர். பதினேழு வருஷம் அந்த சீட்டுலதான் உக்காந்து வந்தான். இடது பக்கம் வண்டி வருதா இல்லையான்னு அவன்தான் பார்த்துச் சொல்லோணும். வரலாம் வரலாம்னு சொன்னாத்தான் நான் ஸ்டியரிங்கத் திருப்புவேன். எனக்குத் தூக்கம் வர்றது எனக்கு முன்னாடி அவனுக்குத் தெரிஞ்சிரும். கையில தண்ணிய ஊத்தி என்ற பொடனிக் கழுத்துல ஒரு தேய் தேய்ப்பான். அப்புறம் பழைய கதையவே ஆரம்பிப்பான். கேட்டுக் கேட்டுச் சலிச்ச கதை அம்மிணி. இப்ப யாராச்சும் சொன்னாக் கேக்கலாம்னு இருக்குது."

"இப்ப எங்கீங்க அவர்?"

"இந்தா, இப்பத் தாண்டினமே, ஓமலூரு. அங்கிருந்து உள்ள போகோணும். ஆடு மேய்க்கறான். கேமரா வருது, வண்டிக்கு ரெண்டு ஆள் எதுக்குன்னு முன்னாடியே ஆபீஸ்ல நிறுத்திப்போட்டாங்க. ரெண்டு வருஷமாச்சு." தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலை தானாத் திரும்பிருதுங்க. அங்க ஆளில்லைன்னு இந்தக் கழுத்துக்கு இன்னும் தெரியல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேமரா இருந்தது வலது ஓரத்தில். அவர் இடது பக்கம் திரும்பினால் அதற்கு ஒரு கண் மறைந்துபோகும். மறைந்த கண்ணை அது மூடிய கண் என்று கணக்கு வைத்துக்கொண்டது. அதன் மேல் தப்பில்லை. அது இருந்த இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரியும். அதை அங்கேயே இருக்கும்படி பூசி மெழுகியவன் நான்.

தொப்பூரில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தச் சொன்னாள். பையில் இருந்து புது பிராக்கெட் ஒன்றை எடுத்தாள். பழையதைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரை எடுத்தபோது நான் வாங்கிக்கொண்டேன்.

"நான் பண்ணின வேலைய நானே உடைக்கறேன்."

கால் மணி நேரம் ஆயிற்று. நான் போட்ட பேஸ்ட் அவ்வளவு நல்ல பேஸ்ட். கடைசியில் கேமராதான் தப்பியது, பிராக்கெட் இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டு இன்னும் என் பட்டறையில் ஆணியில் தொங்குகிறது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வலது ஓரத்தில் மேலிருந்து ஒரு சாண் அளக்கப் போனேன். அவள் என் கையிலிருந்து பிராக்கெட்டை வாங்கிக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய், இடது கதவைத் திறந்து கிளீனர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அன்றைக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான்.

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து செங்கோடனைப் பார்த்தாள்.

"ஐயா, ரோட்டைப் பாருங்க."

பார்த்தார்.

"இப்ப வருதான்னு கேளுங்க."

அவருக்குக் கூச்சம். என்னைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார். பிறகு மெல்ல அந்தப் பக்கம் திரும்பி, "வருதா?" என்றார்.

அவள் தன் முகத்துக்கு நேர் முன்னால் கண்ணாடியில் பிராக்கெட்டை ஒட்டினாள். கேமராவின் தலையைச் செங்கோடன் பக்கம் திருப்பினாள். ரோட்டைப் பார்க்கச் சொல்லி, அதுதான் நேர்ப்பார்வை என்று கேமராவுக்குப் புதிதாகப் பழக்கினாள். கேமராவுக்குத் தெரிவதைப் போனில் எனக்குக் காட்டினாள். அவர் ரோட்டைப் பார்க்கும்போதும் இரண்டு கண் தெரிந்தது, இடது பக்கம் திரும்பும்போதும் இரண்டு கண் தெரிந்தது. விரலால் திருகை இறுக்கிவிட்டு இறங்கினாள். என் கை பேஸ்ட் டப்பாவைத் தேடியதை அவள் பார்த்தாள்.

மறுபடியும் பலகை. வண்டி கணவாய் ஏறியது. "வருதா?" என்றார் செங்கோடன். சத்தம் இல்லை. கடலைப் பொட்டலம் நீண்டு திரும்பியது. சத்தம் இல்லை. தர்மபுரிக்கு முன்னால் ஒரு தடவை திரும்பியவர் கேமராவில் எரிந்த சின்னப் பச்சை விளக்கைப் பார்த்தார். தோள் இறங்கி, முதுகு சீட்டில் சாய்ந்தது. காலையிலிருந்து அவர் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

தர்மபுரி பைபாஸில் இறங்கினோம். மிச்சக் கடலைப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தார்.

"போய்ட்டு வர்றேன் அம்மிணி" என்றார். என்னையும் பார்த்துத் தலையாட்டினார், பெரிய மனசு. இரண்டு நாள் கழித்து ஆபீஸில் அந்த நடையின் பேப்பர் வந்தது; நான் எண்ணிய மூன்றோடு சரி, தொப்பூருக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. சாவி அவரிடமே இருந்தது.

சேலம் பஸ்ஸுக்காக வெயிலில் நின்றோம். நான் நோட்டை எடுத்தேன்.

"குருவே, புஸ்தகத்துல வலது ஓரம்னு போட்டிருக்குது. நீங்க அதை அந்தப் பக்கம் கொண்டுபோய் ஏன் வெச்சீங்க?"

அவள் கடலையை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

"அவரைப் பார்த்துக்கிட்டவரு அங்கதானுங்ணா உக்காந்திருந்தாரு."

எனக்குப் புரிந்தது. ஆனாலும் புத்தி போகுமா? வலது ஓரம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இடது பக்கம், கிளீனர் முகத்து உயரம் என்று பெரிதாக எழுதினேன். எழுதியதை அவளிடம் காட்டினேன்.

"அப்ப இனிமே எல்லா வண்டிக்கும் இதுதானுங்களே?"

பஸ் வந்தது. அவள் கையிலிருந்த தோலை உதறிவிட்டுப் படியில் கால் வைத்தாள்.

"அடுத்த வண்டியில யார் இருந்தாங்கன்னு கேட்டீங்களா?"