போன் போட்டுக் கேட்டவள்

மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்தும் ஆப் செய்கிற கம்பெனி அது. "ஆப்ல என்ன மாத்தணும்னு ஏஐயே சொல்லிடுது. இனி புராடக்ட் மேனேஜர் எதுக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் முதலாளி செங்குட்டுவன்.

வேலை போகப்போகிற பொற்கொடி நிதானமாகச் சொன்னாள்: "மன்னார்குடியில ஒரு அம்மா நம்ம ஆப்பை நீக்கிட்டாங்க. ஏன்னு அதுகிட்டயே கேளுங்க சார்."

எழுத்து சிறியதாக இருந்திருக்கலாம் என்றது ஏஐ. அவர் பெருமையாகச் சிரித்தார்.

"நான் போன் போட்டுக் கேட்டேன் சார். வீட்டுக்காரர் தவறின பிறகும், அவர் மாத்திரை போட்டாச்சானு தினமும் கேக்குதாம். தாங்க முடியலையாம்."

செங்குட்டுவனின் சிரிப்பு நின்றது. "யார் அவங்க?"

"உங்க அம்மா சார்."

"வேற என்ன சொன்னாங்க?"

"'நீயாவது கூப்பிட்டியேம்மா'ன்னாங்க."

அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பொற்கொடியின் வேலையைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.