கோடு நனையாத வெள்ளம்

கொள்ளிடக் கரையில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அவ்வூரார் வழக்குப் போடுவார்கள். வழக்குப் போடுவதில் வல்லவர்கள், வீடு மாற்றுவதில்தான் இல்லை. தாத்தாக்கள் காலத்தில் ஒரு வெள்ளம் கீழத்தெருவை அப்படியே வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் அம்மன் கோயில் வாசலில் ஒரு கல்லை நட்டு, அதில் ஒரு கோடு வெட்டினார்கள். தண்ணீர் கோட்டைத் தொட்டால் கோயில் மணியை அடிக்க வேண்டும்; மணி கேட்டால் ஊரே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். மணிக்கு முன்னால் மூட்டை கட்டுகிறவனை ஆயுள் முழுக்கக் கேலி செய்வது, யாரும் எழுதிவைக்காத இன்னொரு சட்டம்.

மணியடிக்கும் உரிமை தையல்நாயகியின் புகுந்த வீட்டுக்கு. கணவன் இறந்தபின் ஊரில் அவளுக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்தக் கயிறு ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் பயந்துபோய், கோடு நனையுமுன்பே அடித்துவிட்டாள். ஊரே பள்ளிக்கூடத்தில் ஈரத்தோடு முடங்கிக் கிடந்தது. வெள்ளம் வரவில்லை, ஆடுகள்தான் காணாமற்போயின. எல்லோர் முன்னிலையிலும் அவள் குனிந்து, கோட்டில் கைவைத்துச் சத்தியம் செய்தாள்: "இந்தக் கோட்டைத் தண்ணி தொடாம கயித்தைத் தொடமாட்டேன். தொட்டா, மணி என் வீட்டுக்கு இல்லை."

அதற்கப்புறம் கோயிலில் திருப்பணி நடந்தது. கோபுரத்துக்கு வர்ணம், தரைக்குப் பளிங்கு. கல்லையும் மறக்கவில்லை. கண்டவர் செருப்புக்கால் படும் இடத்திலா அம்மன் கல் நிற்பது என்று தர்மகர்த்தா குஞ்சிதபாதம் இடுப்புயர மேடை கட்டி, கல்லை அதன்மேல் ஏற்றி, பட்டுத்துண்டு சுற்றினார்.

இந்த ஐப்பசியில், ஒரு மத்தியான வேளையில், ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. தையல்நாயகி கோயில் வாசலில் தொடையளவுத் தண்ணீரில் நின்றாள். கோடு அவள் கண்ணுக்கு நேரே, சந்தனப் பொட்டோடு, காய்ந்து கிடந்தது. கீழத்தெருவில் அடுப்புகள் மூழ்கிவிட்டன. சனங்கள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து மணிக்குக் காத்திருந்தார்கள்.

"அடிக்கட்டுமா ஐயா?"

"கோட்டைப் பாரு. சொட்டு ஈரமில்லை" என்றார் குஞ்சிதபாதம். "போன தடவை ஆடு போச்சு. இந்தத் தடவை எதைத் தொலைக்கணும்?"

"உங்க வேட்டியே மிதக்குதே ஐயா!" என்றான் அவள் கொழுந்தன் சட்டைநாதன்.

"வேட்டியில யாரும் கோடு வெட்டலைடா."

சட்டைநாதன் மிதந்து வந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தில் வெள்ளத்தை மொண்டு கல்லின்மேல் வீசினான். "அண்ணி, தொட்டிடுச்சு!"

எப்படித் தொட்டது என்பதை அவள் கண்ணாரப் பார்த்தாள். கயிற்றை இழுத்தாள்.

ஊர் பிழைத்தது, கீழத்தெருச் சுவர்கள் பிழைக்கவில்லை. வெள்ளம் இடுப்பளவோடு வடிந்தது. அந்தக் குடத்துத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் கடைசிவரை கோட்டைத் தொடவில்லை. ஆகவே, விதிப்படி, இவ்வாண்டு வெள்ளமே வரவில்லை.

சேறு காயுமுன் ஊர்க்கூட்டம் கூடியது. விதியைக் காத்தவன் நான், சத்தியம் உடைந்தது, மணியை வேறு வீட்டுக்குக் கொடுங்கள் என்றார் குஞ்சிதபாதம். "தண்ணி தொட்டுச்சா இல்லையா? எப்படித் தொடணும்னு கல்லுல எழுதியிருக்கா?" என்றான் சட்டைநாதன்.

"குடத்துத் தண்ணின்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்" என்றாள் தையல்நாயகி. "எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்கங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

வாசகரே, விதியைக் காத்தவர், விதியை ஏமாற்றியவன், ஏமாற்று என்று தெரிந்தே அடித்தவள்: இவர்களில் யார் செய்தது சரி? அவள் சத்தியம் உடைந்ததா, இல்லையா?

விடை: சரியாகச் செய்தவள் தையல்நாயகிதான். சத்தியம் உடையவில்லை, ஆனால் அதைக் காப்பாற்றியது குடம் அல்ல. அவள் சத்தியம் செய்தபோது குனிந்து தொட்ட கோடு முழங்காலளவில் இருந்தது. அந்த உயரத்தைத் தண்ணீர் எப்போதோ தாண்டிவிட்டது. சட்டைநாதன் நல்ல எண்ணத்தோடு வீண்வேலை செய்தான். குஞ்சிதபாதம் தாமே தூக்கி மேலே வைத்த விதியைத்தான் காத்து நின்றார். ஊரார் அளந்து பார்த்து, ஒருவழியாக ஒப்புக்கொண்டு, கயிற்றை அவளிடமே கொடுத்தார்கள். "அப்போ கல்லைப் பழையபடி இறக்கிடலாமே" என்றாள் அவள். கூட்டம் திடுக்கிட்டது. ஏற்றிவைத்த அம்மன் கல்லை இறக்குவதாவது! வேண்டுமானால் இன்னும் ஒரு படி உயர்த்தலாம்; இந்தமுறை பட்டுத்துண்டில் சேறு பட்டுவிட்டதே.