செவலை படுத்த சாயங்காலம்

அந்தக் குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம்.

குரு, டாக்டர் பர்வீன். ஆனைமலை அடிவாரத்தில் சின்னதாக ஒரு மாட்டு ஆஸ்பத்திரி நடத்திவந்தார். வலியில் வரும் மாடுகளுக்கு மருந்தும் கொடுப்பார், அக்குபஞ்சர் ஊசியும் செருகுவார். சீடர் எபினேசர், அரசு வேலையில் பாதி ஆயுளைக் கழித்த கால்நடை மருத்துவர். மருந்து கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போய், அக்குபஞ்சர் கற்றுக்கொள்ள பர்வீனிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அன்று காலையிலிருந்து இருவரும் உட்காரவே இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு ரங்காத்தாள் என்ற பெண் தன் செவலைப் பசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பசுவுக்குப் பின்னங்கால் மூட்டு இரண்டும் வீங்கியிருந்தன.

"படுக்கவே மாட்டேங்குதுங்க. படுத்தா எந்திரிக்க வலிக்குமேன்னு நின்னே கெடக்குது. அது நிக்கறப்ப எனக்கு எப்படிங்க தூக்கம் வரும்? எங்க ஊட்டுக்காரரு வித்துத் தள்ளிவுட்டுப்போடலாம்ங்கறாரு. இந்த நெலமையில இத வாங்கறவன் எதுக்கு வாங்குவான்னு எனக்குத் தெரியாதுங்களா?"

பர்வீன் ரத்தம் எடுத்துப் பார்த்தார். எபினேசர் அதற்குள் வலி மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றத் தொடங்கியிருந்தார்.

"குறைச்சுக்குங்க சார். சிறுநீரகம் சரியில்லை. முழு அளவைத் தாங்காது."

"அப்போ அக்குபஞ்சர் மட்டும் போதுமா மேடம்?"

"இவ்வளவு வீக்கத்துக்கு அதை மட்டும் நம்பி அனுப்ப எனக்கு மனசு வரலை. ரெண்டும் பண்ணுவோம்."

மருந்தைக் குறைத்துப் போட்டார்கள். பிறகு பர்வீன் பசுவின் முதுகைத் தடவிக்கொண்டே போய், முதுகெலும்பின் இருபுறமும் மெல்லிய ஊசிகளைச் செருகினார். இடுப்பருகே உள்ளவற்றை எபினேசரே செருகினார்.

மூவரும் காத்திருந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பசுவின் காதுகள் தொங்கின. கீழுதடு தளர்ந்தது.

ஊசிகளை எடுத்ததும் அது தரையை முகர்ந்தது. முன்னங்காலை மடக்கப் போய், பயந்து நிமிர்ந்தது. மறுபடி மடக்கியது. பெருமூச்சோடு வைக்கோலில் சாய்ந்து, அசைபோடத் தொடங்கியது.

ரங்காத்தாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பசுவின் வயிற்றில் தலையைச் சாய்த்தவள், அப்படியே தூங்கிப்போனாள்.

பர்வீன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். எபினேசர் பின்னால் வந்து நின்றார்.

"எது மேடம் வலியை எடுத்தது? மருந்தா, அக்குபஞ்சரா?"

"தெரிஞ்சுக்கணுமா?"

"தெரிஞ்சே ஆகணும். மருந்துன்னா நான் இங்க வந்ததே வீண். அக்குபஞ்சர்னா, இத்தனை வருஷமா நான் பண்ணினது..."

பர்வீன் முகத்திலும் தண்ணீர் அடித்துக்கொண்டார்.

"கண்டுபிடிச்சுடலாம் சார். மறுபடி வலி வரட்டும். அப்போ ஒண்ணை மட்டும் கொடுப்போம். இன்னொண்ணைக் கையில வெச்சுக்கிட்டுச் சும்மா இருப்போம். படுக்குதா, நின்னுக்கிட்டே தவிக்குதான்னு பக்கத்துல இருந்து பார்த்தா தெரிஞ்சுபோயிடும்."

எபினேசர் தலையசைத்தார். "சரியான வழிதான். செய்யலாமா?"

"செய்யலாம். அந்தம்மாவை எழுப்பி, இதுக்குச் சம்மதமான்னு நீங்களே கேட்டுடுங்க."

எபினேசர் ரங்காத்தாளிடம் போனார். பசு மூச்சு விடும்போதெல்லாம் அவள் தலையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட வாயெடுத்தவர், அப்படியே நின்றார்.