எல்லை எழுதாத ஆட்டக்களம்

தும்பையூர் அரண்மனையில், அரசர் வெண்கோடரைத் தம் பேச்சால் மகிழ்விக்கும் மருதக்கூத்தருக்கு அன்று பதவியே ஊசலாடிக்கொண்டிருந்தது. கட்டப் போட்டியில் தோற்றால் அவருடைய அவை இருக்கை, அவரை எதிர்த்து ஆடும், தலைமை எழுத்தர் பூதநாதரின் மருமகன் மகிழ்நம்பிக்குப் போய்விடும்.

போட்டி இதுதான். முற்றத்தில் எட்டு வரிசைகள். வரிசைக்கு எட்டுக் கட்டங்கள். ஆங்காங்கே மாம்பழக் கூடைகள். ஆடும் இருவரும் திரையிட்ட தனித்தனி அறைகளில் அமர்வர். களத்தைக் காண இயலாது. கட்டியக்காரன் சாத்தன் களத்தைப் பார்த்துவந்து, கூடை இருக்கும் இடத்தை அவரவர் காதில் ஓதுவான். ஆடுபவர் வரிசை எண்ணையும் கட்ட எண்ணையும் உரக்கச் சொல்ல வேண்டும். அவருக்கென உள்ள ஒரே வீரன் அக்கட்டத்துக்குச் சென்று, அங்கிருப்பதைத் தூக்கிவந்து அறை வாயிலில் வைப்பான். கூடை மிகுதியாகச் சேர்த்தவருக்கே வெற்றி.

விதிகளை வகுத்தவர் பூதநாதர்.

"இரண்டு எண்களுக்கு மேல் ஒலி ஏதும் வரக் கூடாது. வந்தால் தோல்வி!" என்றார் அவர்.

"இருமினால், எழுத்தரே?" என்று கேட்டார் கூத்தர்.

"தோல்விதான்!"

"தும்மினால்?"

"அதுவும் தோல்வி! எழுதியிருக்கிறேன்."

"மூச்சுவிட அனுமதி உண்டு போலும். பெரிய மனசு உமக்கு!"

அவை சிரித்தது. பூதநாதர் சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கிற்று. "மூன்றாம் வரிசை, ஐந்தாம் கட்டம்" என்று ஓதினான் சாத்தன். கூத்தர் அப்படியே உரைத்தார். வெளியே கொல்லென்று சிரிப்பு எழுந்தது. வாயிலுக்குக் கூடை வரவில்லை. அடுத்த முறையும் அதே கதை. எதிர் அறை வாயிலிலோ கூடைகள் தொப்புத் தொப்பென்று இறங்கின.

'படுபாவி, காலிக் கட்டத்தையல்லவா ஓதுகிறான்!' கூத்தருக்கு விளங்கிவிட்டது. அரசரைக் கூவியழைத்தால் தோல்வி. வாளா இருந்தாலும் தோல்வி. விதிகளை மனத்துக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினார். இருமலையும் தும்மலையும் மறவாத எழுத்தர், எண் எட்டோடு நிற்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்! ஓதி முடித்த கட்டியக்காரன் மணித்தூணருகே போய் நிற்பது வழக்கம். அத்தூண் முதல் வரிசைக்கு நேரே எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது கூத்தருக்கு அத்துப்படி.

"முதல் வரிசை, பதினேழாம் கட்டம்!" என்று முழங்கினார்.

அவருடைய வீரன் மாடன் விழித்தான். "மகாராஜா, களம் எட்டோடு முடிஞ்சுபோகுதே!"

"விதியில் அப்படி உள்ளதா, எழுத்தரே?" என்றார் அரசர்.

"அது... எல்லாரும் அறிந்ததுதானே, அரசே!"

"இருமலைக்கூட எழுதினீர், இதை எழுதினீரில்லையே. மாடா, நட!"

மாடன் முதல் வரிசையில் கட்டத்துக்கு ஓர் அடியாக எண்ணிக்கொண்டே நடந்து, எட்டாம் கட்டத்தின் கோட்டையும் தாண்டினான். பதினேழாம் அடியில் மணித்தூண். அங்கே சாத்தன் மாம்பழம் ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தான். அங்கிருப்பதைத் தூக்க வேண்டும் என்பதல்லவா விதி? மாடன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஐயோ, விடுடா! மகாராஜா, பொய்க் கட்டம் ஓதச் சொன்னது எழுத்தர் ஐயாதான்! எனக்கு ஒன்றும் தெரியாது!" என்று அலறினான் சாத்தன்.

பூதநாதர் பதறி எழுந்தார். அவருடைய பருத்த உடலை இறுகப் பிடித்திருந்த நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பின்னர் ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கச் சொல்லி, தாமே கட்டியக்காரராகி, கூடை இருக்கும் இடங்களை இருவருக்கும் உள்ளபடி ஓதினார். கூத்தரின் வாயிலில் கூடைகள் குவிந்தன. வெற்றியும் அவருக்கே வாய்த்தது. அரசர் தம் கைக் கடகத்தைக் கழற்றி அவருக்கு அணிவித்தார்.

"கூத்தரே, ஏவப்பட்டவனைத் தூக்கினீர். ஏவிய பூதநாதரையே தூக்கிவரச் செய்திருக்கலாமே?"

"ஆசைதான், அரசே! ஆனால் ஆளுக்கு ஒரே ஒரு வீரன்தான் என்று முன்யோசனையோடு விதி எழுதிவிட்டாரே!"