ஷெட்டுக்குள் வாய் எடுபடாது

“எல்லாப் பிள்ளைகளும் பரீட்சையில பாஸ் மேடம். மெஷின் முன்னால நிறுத்தினா மட்டும் பேந்தப் பேந்த முழிக்குதுங்க. நான் என்ன குறை வச்சேன்?”

கேட்டவர் திருமேனி. நூற்பாலைப் பயிற்சிப் பள்ளியின் வாத்தியார். இந்தப் பிள்ளைகளும் தேறாவிட்டால் பள்ளியையே மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

எஸ்தர் மேடம் அவரைவிட வயதில் சின்னவர். தொழிலாளிக்குக் கொடுக்கிற பயிற்சி எங்கே பலிக்கிறது, எங்கே வீணாகிறது என்று ஆலை ஆலையாகப் போய் ஆராய்கிறவர். வயசு கிடக்கட்டும், திருமேனிக்கு அவர்தான் குரு.

மேடம் பதில் சொன்னார். உதடு மட்டும் அசைந்தது. சத்தமே இல்லை.

“என்ன மேடம்?”

மறுபடியும் உதடு அசைந்தது.

“கேலி பண்றீங்களா? ஒண்ணுமே கேக்கல!”

“உங்க பிள்ளைகளுக்கும் அப்படித்தான் அண்ணே. வாங்க.”

மெஷின்கள் ஓடும் ஷெட்டுக்குள் நுழைந்தார்கள். அப்பப்பா, என்ன இரைச்சல்!

அங்கே ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண் தலைக்கு மேலே விரலைச் சுழற்றினாள். அடுத்த வரிசையிலிருந்து இன்னொருத்தி ஓடி வந்து அறுந்த நூலை ஒட்டினாள்.

வெளியே வந்ததும் மேடம் கேட்டார்.

“இந்தக் கைப்பேச்சு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம? இதே ஷெட்டுல கிடந்தவன் மேடம் நான்!”

“வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்களா?”

“அதெல்லாம் ஒரு பாடமா…”

திருமேனி பாதியில் நிறுத்திக்கொண்டார். முகம் செத்துப்போயிற்று.

மறுநாளே வகுப்பு மெஷின் பக்கத்துக்கு வந்துவிட்டது. கரும்பலகை இல்லை, பெஞ்சு இல்லை. வாத்தியார் வாயை மூடிக்கொண்டு கையால் பேசினார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் கையால் பேச ஆரம்பித்தார்கள்.

பயிற்சி முடிந்ததும் முதலாளி ஷெட்டுக்குப் பார்க்க வந்தார். நேரம் பாருங்கள், மாணவி பொன்னுத்தாய் நின்ற மெஷினில் சடசடவென்று வரிசையாக நூல் அறுந்தது.

போச்சு, எல்லாம் போச்சு என்று பதறிக்கொண்டு திருமேனி ஓடினார்.

பொன்னுத்தாய் அவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். உள்ளங்கையை நீட்டி, ஒதுங்குங்க என்று காட்டினாள். மறு கையால் தோழியைக் கூப்பிட்டாள். இருவருமாகச் சேர்ந்து மளமளவென்று ஒட்டி முடித்தார்கள்.

வெளியே வந்து முதலாளி சொன்னார்.

“பள்ளிக்கூடம் இருக்கட்டும்யா. ஆனா அந்தப் பொண்ணு உன்னையே ஒதுங்கி நில்லுன்னு கை காட்டுதே?”

திருமேனி மீசையைத் தடவிக்கொண்டார்.

“நான் பழக்கின பிள்ளை மொதலாளி! பின்ன, ஒதுங்க மாட்டேனா?”