ஈடுபாடு

"எங்ககிட்ட ரொம்ப ஈடுபாடா இருந்த ஒருத்தங்க விட்டுட்டுப் போயிட்டாங்கம்மா. எப்படித் திரும்ப வரவழைக்கிறது?"

மலையேறி வந்த மூச்சிரைப்பு அடங்குவதற்குள் கதிரேசன் கேட்டுவிட்டார். நோயாளிகளுக்கு அரிய வகை ரத்தம் கொடுக்க ஆள் தேடித் தரும் செயலி ஒன்றை நடத்துவது அவர் பொறுப்பு. அவர் குருவாக ஏற்றிருந்த மீனலோசனி அவரைவிட வயதில் சின்னவர்.

"ஈடுபாடுன்னா?"

"செயலியை எத்தனை தடவை திறக்கறாங்களோ, அதுதான். அந்தம்மா தன் பையனுக்கு ரத்தம் தேடி விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுவாங்க."

"ஏன் அவ்வளவு தடவை?"

கதிரேசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"முன்னெல்லாம் ஆள் கிடைச்சா போனுக்கு மெசேஜ் போகும். அதை நான்தான் நிறுத்தினேன். திறந்து பார்த்தாத்தான் தெரியும். ஈடுபாடு மளமளன்னு ஏறிடுச்சு. ஆபீஸ்ல என்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடினாங்க."

"பசியோட வந்திருக்கீங்க. சமைக்கிறேன், வெளியே உட்காருங்க" என்று மீனலோசனி கதவைச் சாத்திக்கொண்டார்.

கதிரேசன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க வாங்க" என்று சிரித்தார் மீனலோசனி. அவ்வளவுதான்.

மறுபடி எட்டிப் பார்த்தார். மறுபடி அதே சிரிப்பு. வெயில் சாய்ந்தது. வயிறு கூப்பாடு போட்டது. மானத்தை விட்டுக் கேட்டேவிட்டார்.

"சாப்பாடு ஆச்சாம்மா?"

"எப்பவோ ஆச்சு. ஆறிப்போச்சு."

"ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாமே!" அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"கூப்பிட்டிருந்தா இத்தனை தடவை வந்திருப்பீங்களா? என்மேல எவ்வளவு ஈடுபாடு உங்களுக்கு!"

கதிரேசன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மீனலோசனி மெதுவாகக் கேட்டார். "அந்தப் பையனுக்கு ஆள் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. காலையிலயே. அன்னிக்கு மட்டும் அந்தம்மா சாயங்காலம்தான் திறந்தாங்க. பையனை விட்டு நகர முடியலையோ என்னவோ."

"அப்புறம்?"

"போன்லேருந்து செயலியை எடுத்துட்டாங்க. ஏன் போறீங்கன்னு கேட்டிருந்தோம். 'இனி தேவையில்லை'ன்னு…"

பாவி, இந்தப் பதிலை அர்த்தம் புரியாமலே எத்தனை முறை படித்திருப்பேன் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மீனலோசனி சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். கதிரேசன் தொடவில்லை.

"இன்னிக்கு வரைக்கும் தினமும் அவங்களுக்கு மெசேஜ் அனுப்பிட்டிருக்கேன்மா."

"என்னன்னு?"

"உங்களைக் காணாம ஏங்குறோம், திரும்பி வாங்கன்னு."